ஃப்ராங்குகள் வரலாறு எழுதின கதை: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

போன வாரம் ஜாடி கதைய ஒரு வரில சொல்லிட்டு ஓடிட்டேன், அதுக்கப்புறம் ஒரே கேள்வி மழை. எல்லாத்துக்கும் இங்கயே பதில்.

கே: அண்ணே, அந்த ஜாடி மேட்டர் என்ன? நெஜமா நடந்ததா?

486ல ஃப்ராங்குகளோட (இன்னைக்கு ஃப்ரான்ஸ், ஜெர்மனி இருக்கற பக்கம் ஆண்ட ஜெர்மானிய இனம்) ராஜா குளோவிஸ், ஃப்ரான்ஸ் வடக்குல இருக்கற சுவாசோன்ல ரோமானிய தளபதி சியாக்ரியஸ ஜெயிச்ச சமயம். அவரோட ஆளுங்க சர்ச்சுகள்ல அடிச்ச கொள்ளையில ஒரு பெரிய அழகான ஜாடியும் போயிடுச்சு. மத்ததெல்லாம் போனா போகுது, ஜாடிய மட்டும் திருப்பிக் குடுங்கன்னு பிஷப் ஆள் அனுப்பறார். பங்கு பிரிக்கறப்ப ராஜா, என் பங்குக்கு மேல இந்த ஜாடியும் குடுத்துடுங்கப்பான்னு கேக்க, எல்லாரும் தலையாட்டறாங்க, ஒருத்தன் மட்டும் கோடாலியால ஜாடி மேல ஒரு போடு போட்டுட்டு, சீட்டு குலுக்கிப் போட்டதுல உனக்கு விழறது தவிர ஒண்ணும் கெடையாதுங்கறான். ராஜா வாயே தொறக்கல. ஒரு வருஷம் கழிச்சு ஆயுத பரேடு. அதே ஆள் முன்னாடி நின்னு, உன் அளவுக்கு யாரும் ஆயுதத்த இவ்ளோ கேவலமா வெச்சிருக்கலன்னு திட்டி, அவன் கோடாலிய பிடுங்கி கீழ வீசறார். அவன் எடுக்க குனியறான், ராஜாவோட கோடாலி அவன் மண்டையில இறங்குது. சுவாசோன்ல ஜாடிக்கு நீ செஞ்சது இதானேன்னு ஒரு வார்த்தை.

நடந்துச்சான்னா, இத எழுதி வெச்ச கிரெகரி தூர் நகரத்துக்கு பிஷப்பா வந்ததே 573ல. கிட்டத்தட்ட நூறு வருஷ கேப். அதுக்குள்ள எத்தன வாய் மாறியிருக்கும்! எனக்கு என்னவோ, நடந்துச்சாங்கறத விட, ராஜாவுக்கும் சீட்டுல விழுந்த பங்குதான்ங்கறத ஜனங்க நூறு வருஷம் ஞாபகம் வெச்சிருந்தாங்க பாருங்க, அதான் பெரிய விஷயம்.

கே: அவர் புக்கு பேரு 'ஃப்ராங்குகளின் வரலாறு' தானே சார்?

அது பின்னாடி வந்தவங்க ஒட்டுன பேரு. அவருக்கு அது சும்மா பத்து வரலாற்று நூல்கள், ஆதாம் ஏவாள்ல ஆரம்பிக்கும். என் நடை பட்டிக்காட்டு நடைதான், வேணும்னா செய்யுளா கூட மாத்திக்கோங்க, ஆனா ஒண்ணையும் வெட்டாம முழுசா வைங்கன்னு கடைசில கெஞ்சியிருக்கார் மனுஷன். ஏழாம் நூற்றாண்டுலயே பத்த ஆறாக்கி, சர்ச் சமாச்சாரம் நெறைய தூக்கிட்டாங்க.

கே: ஃப்ராங்குகள் ட்ராய் நகரத்துலேருந்து வந்தாங்கன்னு படிச்சேன், உருட்டா?

உருட்டுதான் தம்பி, ஆனா காரணத்தோட உருட்டு. ட்ராய்ங்கறது கிரேக்க புராணத்துல மரக்குதிரை கதை வருமே, அந்த ஊர். கிரெகரி கிட்ட ட்ராய் பேச்சே இல்ல, பன்னோனியாலேருந்து (இன்னைக்கு ஹங்கேரி பக்கம்) வந்ததா சொல்லிக்கறாங்கன்னு போயிடறார். 660 வாக்குல எழுதின ஃப்ரெடெகார்ங்கறவர் கிட்டதான் (அந்தப் பேரும் ரொம்ப பின்னாடி ஒட்டுனது) ட்ராய் மொதல்ல வருது. 727ல வேற ஒருத்தர் வேற மாதிரி சொல்றார், ரெண்டும் ஒத்துப் போகாது. ரோமானியரும் ட்ராய் வம்சம்னு சொல்லிக்கிட்டவங்க இல்லையா, அப்ப நாங்க அவங்களுக்கு பங்காளிடான்னு சொல்ல இத விட நல்ல வழி ஏது.

கே: வருஷா வருஷம் குறிப்பு எழுதற பழக்கம் எப்படி வந்துச்சு?

ஈஸ்டர் எந்த தேதின்னு கணக்கு போட்டு மடாலயங்கள்ல அட்டவணை வெச்சிருப்பாங்க. அதோட ஓரத்துல, இந்த வருஷம் இன்னார் செத்தார், இங்க சண்டைன்னு கிறுக்கி வெச்சதுதான் வேர்னு சொல்லுவாங்க. அதுவே அரசாங்க சரக்கா பெருசாகி, 741லேருந்து 829 வரைக்கும் ஓடற அரசவை குறிப்பா ஆச்சு. அதுல 778 வருஷத்த பாருங்க. ஃப்ராங்கு ராஜா சார்லமேன் ஸ்பெயின் போனார், வந்தார், அவ்ளோதான். திரும்பறப்ப பைரனீஸ் மலையில பின்படை அடிவாங்கினது மூச்சு இல்ல! பின்னாடி யாரோ திருத்தி எழுதின பிரதிலதான் அந்த தோல்வி வருது.

கே: கடைசி மெரோவிங்கிய ராஜாக்கள் நெஜமாவே சோம்பேறிங்களா?

மெரோவிங்கியர்ங்கறது குளோவிஸோட வம்சம். நீள முடி, தாடி, மாட்டு வண்டில ஊர்வலம்னு அவங்கள கிண்டலா எழுதினது சார்லமேன் வாழ்க்கைய எழுதின ஐன்ஹார்ட், சார்லமேன் செத்த பிறகு. கடைசி மெரோவிங்கியர இறக்கி, முடிய வெட்டி மடாலயத்துக்கு அனுப்பினது 751ல. ஐன்ஹார்ட் அப்ப பொறக்கவே இல்ல, சாப்பிட்டது மொத்தமும் அவங்கள இறக்கி விட்ட சார்லமேன் குடும்பத்து சோறு. அந்த வண்டிய நான் பாதிதான் நம்புவேன்.

கே: எழுதப் படிக்க தெரியாதவங்க எப்படி ஞாபகம் வெச்சாங்க அக்கா?

அண்ணன்ப்பா நான். பாட்டுதான். பழைய ராஜாக்களோட சண்டைப் பாட்டெல்லாம் எழுதி வைக்க சொன்னார் சார்லமேன், அந்த தொகுப்பு நம்ம கைக்கு வரல. அப்புறம் ஜெபத்துல நெனைக்க வேண்டிய பேர் பட்டியல். ரைஹெனாவ் மடாலயத்து ஏட்டுல மட்டும் 38,000க்கு மேல பேர், செத்தவங்களும் உயிரோட இருந்தவங்களும். கதை கெடையாது, வெறும் பேருங்க.

கே: கண்ணால பார்த்து எழுதினவங்க யாருமே இல்லையா?

நிதார்ட் இருக்கார், சார்லமேனோட பொண்ணு வயித்து பேரன். சார்லமேனோட மத்த பேரன்களான அண்ணன் தம்பி ராஜாக்கள் அடிச்சுக்கிட்ட 841 சண்டையில அவரே இறங்கி சண்டை போட்டவர். 842ல ஸ்ட்ராஸ்பூர்ல அந்த அண்ணன் தம்பில ரெண்டு பேர் சத்தியம் பண்ணினத, அவங்க பேசின பாஷைலயே எழுதி வெச்சிருக்கார், ஒருத்தரோட படைக்கு இன்னொருத்தர் பேச்சு புரியணும்னு பாஷைய மாத்தி மாத்தி சொன்னாங்க. நான் இத எழுதிட்டிருக்கறப்ப சூரிய கிரகணம், அக்டோபர் 18, செவ்வாய்க்கெழமன்னு நடுவுல ஒரு வரி வேற. சொந்தக்காரங்களே வெட்டிக்கிறத எழுதி எழுதி மனுஷனுக்கு வெறுத்துப் போச்சு, அது ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியும். கடைசி வரிகள்ல ராஜா பேரே இல்ல. மார்ச் 20, சந்திர கிரகணம், அதே ராத்திரி கடும் பனி கொட்டுச்சாம்.