தினமும் எலக்ட்ரோலைட் பாக்கெட் குடிக்கலாமா? முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வயது 47, ஊர் திருச்சி. வாரத்தில் ஐந்து நாள், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஷெட்டில் ஆடுகிறேன். பனியனைப் பிழியும் அளவுக்கு வேர்க்கிறது. சில நாள் இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. ‘உடம்பில் உப்பு இறங்கிவிட்டது, தினமும் இரண்டு எலக்ட்ரோலைட் பாக்கெட் குடியுங்கள்’ என்கிறார் பயிற்சியாளர். பாக்கெட்டையும் அவரே விற்கிறார். மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் டெட்ரா பேக் கொடுக்கிறார்கள். பிரஷருக்கு டெல்மிசார்டான் 40 சாப்பிடுகிறேன். தினமும் குடிக்கலாமா? வீட்டிலேயே கலந்துகொள்ளலாமா?

பதில்: தினமும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் கவலை தருவது வேர்வையும் இல்லை, கெண்டைக்காலும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த பிரஷர் மாத்திரைதான். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்.

ஆடப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு எடை பாருங்கள். ஆடும்போது குடிக்கும் தண்ணீரை அளவு தெரிந்த பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு, மறுபடி அதே மாதிரி எடை பாருங்கள். போகும்போது 72 கிலோ, வந்ததும் 71.2, நடுவில் குடித்தது அரை லிட்டர் என்றால் வேர்வையாகப் போனது 1.3 லிட்டர். மூன்று நாள் பார்த்தால் உங்கள் கணக்கு பிடிபட்டுவிடும்.

ஒரு லிட்டர் வேர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் இது அரை கிராமாகவும் இருக்கும், ஒன்றரையைத் தாண்டியும் போகும். காய்ந்த பனியனில் வெள்ளைக் கோடு படிந்தால் நீங்கள் அதிகம் இழக்கும் ரகம். ஒரு கிராம் சோடியம் என்பது இரண்டரை கிராம் சமையல் உப்பு. ஆக, 1.3 லிட்டருக்கு மூன்று கிராம் சொச்சம் உப்பு, அதாவது அரை டீஸ்பூனைவிடச் சற்று அதிகம். இரவு நான்கு இட்லி, சாம்பார், சட்னி, உப்பு போட்ட ஒரு டம்ளர் நீர்மோர். இதிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும். மிச்சத்தைக் காலைச் சாப்பாடு பார்த்துக்கொள்ளும். பொட்டாசியம் வேர்வையில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில்தான் போகிறது. ஒரு வாழைப்பழம் போதும்.

ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 150 மில்லி. ஆடி முடித்த பிறகு எடை ஏறியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘தாகம் எடுக்கும் முன்பே குடி, குடித்துக்கொண்டே இரு’ என்ற உபதேசம் ஆபத்தானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள்தான் அதில் அதிகம் மாட்டினார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு விரல்கள் வீங்கி, தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி அந்த டெட்ரா பேக். ஓ.ஆர்.எஸ். என்பது பேதிக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய அதன் சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். குளுக்கோஸ் அதில் ருசிக்காக இல்லை. குடலில் சோடியத்தைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக அந்த அளவு வேண்டும். அதற்கு மேல் போனால் சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். டெட்ரா பேக்கின் பின்புறத்தைப் படியுங்கள்: பலவற்றில் 100 மில்லிக்குச் சர்க்கரை 8 கிராம், 10 கிராம் என்று இருக்கும். அசல் ஓ.ஆர்.எஸ்.ஸில் 100 மில்லிக்கு 1.35 கிராம்தான். பேதியில் துவண்ட குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். என்று நம்பி இந்தச் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிய பெற்றோர் எத்தனை பேர்!

இந்தப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கக்கூடாது என்று ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்காகப் போராடினார். உணவுப் பாதுகாப்பு ஆணையமோ (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2022-ல் ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சூத்திரம் அல்ல’ என்று ஒரு வரி போட்டுக்கொண்டு அந்தப் பெயரிலேயே விற்கலாம் என்று அனுமதி கொடுத்தது. அந்தப் பொடி எழுத்தை எந்தத் தாய் படிப்பாள்? 2025 அக்டோபர் 14-ல்தான் அனுமதியை வாபஸ் வாங்கினார்கள். மூன்று வருடம் வீண். இப்போது பெயர் மாறி, அதே ரக அட்டைப்பெட்டி அதே அலமாரியில் இருக்கும். அசல் பொடிப் பாக்கெட்டில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தர நூலின் குறி) என்ற எழுத்தும் மருந்து தயாரிப்பு உரிம எண்ணும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் அது பானம், மருந்து அல்ல.

அசல் பாக்கெட்டாகவே இருந்தாலும் அது வயிற்றுப்போக்குக்கானது. ஒரு லிட்டரில் உள்ள சோடியம் 4.4 கிராம் உப்புக்குச் சமம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிரஷர்காரர் அதை மாலை பானமாகக் குடிக்கலாமா? பேதி வந்தால் மட்டும் கலக்குங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கரையுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடுவதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. பொடி ஒரே சீராகக் கலந்திருக்காது, ஒரு டம்ளர் கடல்நீராகவும் அடுத்தது வெறும் தண்ணீராகவும் ஆகும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரிக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

இப்போது உங்கள் மாத்திரை. அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டான் 40 மி.கி. என்று மட்டும் இருந்தால் அது வெறும் டெல்மிசார்டான். இது சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். அதன் மேல் தினமும் இரண்டு எலக்ட்ரோலைட் பாக்கெட், இரண்டு இளநீர், ‘லோ சோடியம்’ உப்பு என்று சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் இருக்கிறது, சோடியம் சொற்பம். ‘லோ சோடியம்’ உப்பில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. இதயத் துடிப்பு தாறுமாறாகும்போதுதான் தெரியும்.

பெயருக்குப் பின்னால் ‘ஹெச்’ என்ற எழுத்து இருக்கிறதா? பின்புறப் பொடி எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 என்று இருந்தால் கதை தலைகீழ். அது நீர் பிரியும் மாத்திரை. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் சேர்த்தே இறக்கும். குளோர்தாலிடோன் என்று இருந்தாலும் அப்படியே. சித்திரை வெயிலில் வேர்த்து, வெறும் தண்ணீராகக் குடித்து, இந்த மாத்திரையும் போட்டால் கால் இழுப்பும் எழும்போது கிறுகிறுப்பும் வரலாம். ‘ஏ.எம்.’ என்று இருந்தால் கூட இருப்பது அம்லோடிபின், அது உப்பைத் தொடாது. கணுக்கால் வீங்குவது அதனால் இருக்கலாம். ஒரே டெல்மிசார்டான், ஒட்டியிருக்கும் எழுத்தைப் பொறுத்து மூன்று விதமான ஆள்! ‘நான் டெல்மிசார்டான் சாப்பிடுகிறேன்’ என்றால் எனக்கு ஒன்றுமே தெரியாது. மருத்துவரிடமும் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையைக் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆடப் போகுமுன் முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள். வேர்த்து வற்றிய உடம்பில், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து, அது சிறுநீரகத்தை நேராகத் தாக்கும்.

கெண்டைக்கால் இழுப்புக்கு நீர் மாத்திரை காரணமில்லை என்றால், பெரும்பாலும் தசை அயர்ச்சிதான். படுக்குமுன் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், முன்னால் சாய்ந்து 30 விநாடி. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. இழுக்கும் நேரத்தில் கட்டைவிரலைப் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள்.

‘தெம்புக்கு’ டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளச் சொல்பவர்கள் வருவார்கள். அரை லிட்டர் சலைன் என்பது நாலரை கிராம் உப்பு கரைத்த தண்ணீர். அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸ் என்பது 25 கிராம் சர்க்கரை. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு அதை நரம்பில் ஏற்றிக் காசு வாங்குவது வைத்தியமில்லை. இந்துப்புவும் அப்படித்தான். அதிலும் கிட்டத்தட்ட எல்லாமே சோடியம் குளோரைடு. பலவற்றில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள், விலை மட்டும் பல மடங்கு.

நீங்கள் செய்ய வேண்டிய பரிசோதனை மூன்றுதான்: சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின். முழு உடல் பேக்கேஜ் தேவையில்லை. சோடியம் 135 முதல் 145, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இயல்பு. ஆடிய மறுநாள் காலை கொடுங்கள். ரத்தம் எடுக்கும்போது கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் செய்யாதீர்கள். அதனாலும், எடுத்த ரத்தம் வெகுநேரம் அப்படியே கிடந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். 5.5-க்கு மேல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மறு ரத்தம் எடுப்பதா, உடனே ஈ.சி.ஜி. எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.