ஐஸ்கிறீம் பவுடர் வாங்காதீர்கள், பழத்தில் உள்ள தண்ணீரை வற்ற வையுங்கள்

கேள்வி: நுவரெலியாவில் வாங்கிய ஸ்ட்ரோபெரியைப் பாலும் சீனியும் சேர்த்து அடித்து, வறுத்த கச்சான் கலந்து பிரீசரில் வைத்தேன். மறுநாள் கல்லுப்போல ஐஸ். கச்சான் ஊறிச் சவசவ என்று இருந்தது. கடைக்காரர் ஐஸ்கிறீம் பவுடர் போடச் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகி, அட்டன்)

வாங்க வேண்டாம். அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது சீனி, மாச்சத்து, பசை, எசென்ஸ், கலர். உங்கள் ஐஸ்கிறீமைக் கெடுத்தது தண்ணீர். அரைக் கிலோ ஸ்ட்ரோபெரியில் ஏறக்குறைய 450 கிராம் தண்ணீர்தான். பாலிலும் அதே கதை. அந்தத் தண்ணீர் உறைந்துதான் கல்லானது, கச்சானுக்குள் புகுந்ததும் அதுதான்.

500 கிராம் பழத்தை மசித்து, 80 கிராம் சீனி போட்டு, அகன்ற சட்டியில் மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். 250 கிராம் அளவுக்கு வற்ற வேண்டும். தராசு இல்லையென்றால் அகப்பையால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. அடிச்சட்டி தெரிந்து, மெதுவாக மூடினால் இறக்கிவிடலாம். ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டு, பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர விடுங்கள்.

பழம் வாங்கும்போது பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். வீதியோரத்தில் கைமாற்றி விற்பவர்களில் சிலர் மேலே சிவந்த பழத்தை அடுக்கி, நசுங்கியதை அடியில் வைக்கிறார்கள். அடியில் சாறு கசிந்திருந்தால் விட்டுவிடுங்கள். எப்படியும் காய்ச்சத்தானே போகிறோம் என்று எடுத்தால், காய்ச்சக் காய்ச்சப் புளித்த வாடைதான் தூக்கும். சின்னதும் கோணலுமான பழம் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

பட்டர் புரூட் மட்டும் விலக்கு. அதைக் காய்ச்சவே கூடாது, சூடுபட்டால் கசக்கும். அதில் கொழுப்பு நிறைய இருப்பதால் வற்ற வைக்கத் தேவையும் இல்லை. நன்றாகப் பழுத்ததை, காம்படியில் அழுத்தினால் விரல் இலேசாக அமுங்கும் பதத்தில் எடுங்கள். கோதுப்பக்கம் கரும்பச்சையாக இருக்கும் சதையை ஓட்டச் சுரண்டாதீர்கள். 250 கிராம் சதைக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு விட்டு உடனே மசியுங்கள், தாமதித்தால் கறுத்துவிடும். அதற்குக் கிறீமும் பாதி போதும்.

அடுத்தது கிறீம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘விப்பிங்’ என்று எழுதிய எல்லாப் பக்கெட்டும் பால் கிறீம் அல்ல. சேர்மானத்தில் பாம் கேர்னல் எண்ணெய் என்று இருந்தால் அது தாவர எண்ணெய். சுலபமாக நுரைக்கும், ஆனால் நாக்கில் மெழுகுபோல் படிந்து பழத்தின் ருசியை மூடிவிடும். பலவற்றில் ஏற்கெனவே சீனியும் இருக்கும், அதோடு டின் பாலும் (சீனி சேர்த்த கெட்டிப் பால்) சேர்ந்தால் ஐஸ்கிறீம் இறுகாது. விடியற்காலையில் பால் கறந்து அனுப்பும் மலைநாட்டில், பக்கத்துக் கடையில் நல்ல பால் கிறீம் கிடைப்பதில்லை, கிடைக்கும் பக்கெட்டின் சேர்மானமும் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாங்குகிறவர் படிக்க முடியாத லேபல் யாருக்காக? கடைக்காரரிடம் 35 வீதக் கொழுப்புள்ள பால் கிறீம் என்று கேட்டு வாங்குங்கள். டின் கிறீமில் கொழுப்பு குறைவு, நுரைக்காது.

400 மில்லிலீற்றர் கிறீமைக் குளிர்ந்த பாத்திரத்தில் அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரளும். 200 கிராம் டின் பால், ஒரு சிட்டிகை உப்பு, ஆறிய பழக்கூழ் சேர்த்து மெதுவாகப் புரட்டுங்கள்.

மொறுமொறுப்புக்கு 100 கிராம் சீனியைத் தண்ணீர் விடாமல் சட்டியில் உருக்குங்கள். பிளேன்டீ நிறம் வந்ததும் 100 கிராம் வறுத்த கச்சானைக் கொட்டிப் புரட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்புங்கள். பாகு காய்ச்சி 150 பாகை பார்க்கச் சொல்லும் குறிப்புகள் நுவரெலியாவுக்கு அப்படியே பொருந்தாது. 1,868 மீற்றர் உயரத்தில் தண்ணீரே ஏறக்குறைய 94 பாகையில் கொதித்துவிடும். நிறத்தைப் பாருங்கள். ஆறியதும் கொண்டைக்கடலை அளவுக்கு உடையுங்கள். பனிமூட்டக் காற்றில் வைத்தால் அரை மணியில் பிசுபிசுக்கும், அதனால் உடனே 60 கிராம் சொக்லேட்டும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயும் உருக்கி அதில் புரட்டி இறுக விடுங்கள். இந்தக் கொழுப்புப் பூச்சுதான் தண்ணீரை உள்ளே விடாது. ஐஸ்கிறீம் இரண்டு மணி நேரம் உறைந்து பாதி கெட்டியானதும் கலந்துவிடுங்கள்.

பிரீசர் கதவில் உள்ள நட்சத்திரங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருந்தால் −18 பாகை, ஒன்று என்றால் −6 தான். ஒரு நட்சத்திரப் பெட்டியில் ஐஸ்கிறீம் இறுகாது, பக்கத்து வீட்டுப் பிரீசரில் ஓர் இரவு இடம் கேளுங்கள்.