புறாவுக்கும் பால் சுரக்கும்: புரோலாக்டின் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. புரோலாக்டின் 38 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மூளையில் கட்டியாக இருக்கும் என்கிறார்கள். தூக்கமே இல்லை.

பதில்: அம்மா, முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டீர்களா? புரோலாக்டின் என்பது பாலை ஊற வைக்கும் ஹார்மோன்; கர்ப்பத்தில் அது பல மடங்கு ஏறுவது இயல்பு. அது இல்லையென்றால், ரத்தம் கொடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். தூங்கி எழுந்த கையோடு ஓடினீர்களா? மாடிப்படி ஏறி மூச்சிரைக்க உட்கார்ந்தீர்களா? ஊசியைக் கண்டு நடுங்கினீர்களா? இவை எல்லாமே அளவை ஏற்றும். பெண்களுக்குப் பொதுவாக மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வரை இயல்பு. எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போய், அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து மறுபடியும் ரத்தம் கொடுங்கள்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பெரும்பாலான ஹார்மோன்கள் சுரக்க மூளை தூண்ட வேண்டும். அதே சுரப்பியில் ஊறும் புரோலாக்டினுக்கோ மூளை டோபமைன் என்ற கடிவாளத்தை எந்நேரமும் இழுத்துப் பிடித்திருக்கிறது. கடிவாளம் தளர்ந்தாலே அது பெருகும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சாப்பிடும் டோம்பெரிடோன் அப்படித்தான் தளர்த்துகிறது. மனநல மருந்துகள் சிலவும் அப்படியே. அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு குறைந்தாலும் ஏறும், அதையும் பாருங்கள். பிட்யூட்டரியில் கட்டியே இருந்தாலும், அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கேபர்கோலின் மாத்திரையிலேயே பலருக்குச் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் ஆண் புறாவும் குஞ்சுக்கு எதையோ ஊட்டுகிறது. புறாப்பால் என்பது உண்மையா?

பதில்: உண்மை, அதிசயமான உண்மை! அடைகாக்கும் நாட்களிலேயே ஆண், பெண் இரண்டுக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. கழுத்தடியில் உள்ள தீனிப்பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பு நிறைந்த செல்கள் உதிர்ந்து, திரிந்த பால் போல வெளிர்மஞ்சளாகத் திரளும். கண் திறக்காத குஞ்சு, தகப்பனின் வாய்க்குள் அலகை நுழைத்து அதை விழுங்கும். 1933-இல் ஆஸ்கர் ரிடிலும் உடன் ஆய்வாளர்களும் புறாக்களை வைத்து ஆராய்ந்துதான் இந்த ஹார்மோனுக்குப் பெயரிட்டார்கள். தீனிப்பை எவ்வளவு தடிக்கிறது என்பதே வெகுகாலம் இந்த ஹார்மோனை அளக்கும் அளவுகோலாக இருந்தது. மனிதரில் இது வளர்ச்சி ஹார்மோனிலிருந்து வேறானது என்று தெளிவானது 1970-ஐ ஒட்டித்தான்.

பாலே இல்லாத மீனுக்கும் இது உண்டு. நம் குளத்து ஜிலேபி மீன் நன்னீரில் இருக்கும்போது உடம்பின் உப்பு கரைந்து போகாமல் காப்பது புரோலாக்டின்தான்.

கேள்வி: எருமைக்கு ஊசி போட்டால் பால் கூடுமா?

பதில்: அந்த ஊசி ஆக்ஸிடோசின் என்ற வேறொரு ஹார்மோன். மடியில் ஏற்கெனவே ஊறிய பாலை வெளியே தள்ளுவதே அதன் வேலை. பாலை ஊற வைப்பது அல்ல. கன்றை முட்டவிட்டு, மடியைக் கழுவித் தடவிக் கொடுத்தால் எருமையின் உடம்பே ஆக்ஸிடோசினைச் சுரந்துகொள்ளும். தினமும் ஊசி குத்துவது வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்கிறார் மாமியார்.

பதில்: குழந்தை உறிஞ்ச உறிஞ்சப் புரோலாக்டின் ஏறி, கருமுட்டை வெளிவருவதைத் தடுப்பது உண்மைதான். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் சுமார் 98 சதவீதப் பாதுகாப்பு. உங்களுக்கு முதல் நிபந்தனையே கடந்துவிட்டது. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் கருத்தடைக்கு வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.