வாசகர் கேள்வி பதில்: பாறைப் பிளவின் மேல் ஓர் ஊர்

கேள்வி: ஸ்பெயினில் வேலை பார்க்கும் என் மகன், வருகிற ஆண்டு எங்களை ரோண்டா என்ற மலையூருக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். நீலகிரியிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இன்னொரு மலையூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகி ஒருவர், குன்னூர்

பதில்: குளிரையும் பசுமையையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மலாகா மாகாணத்தில் சுமார் 740 மீட்டர் உயரத்தில், அதாவது நம் மலைப்பாதையில் பர்லியாறு பக்கத்து உயரத்தில்தான் ரோண்டா இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். உதகையும் குன்னூரும் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்களால் வளர்ந்தவை. ரோண்டாவோ எதிரிக்கு எட்டாத இடம் தேடியவர்களால் வளர்ந்தது. அந்தக் கண்ணோடு பார்த்தால் அங்கே பார்ப்பதற்கு நிறையவே உண்டு.

குவாதலெவின் ஆறு அறுத்த, நூறு மீட்டருக்கும் ஆழமான எல் தாஹோ என்னும் பிளவு ஊரை இரண்டாக வகுக்கிறது. அதன் குறுக்கே 1735இல் கட்டிய பாலம் ஆறே ஆண்டுகளில் இடிந்து விழுந்ததில் சுமார் ஐம்பது பேர் மாண்டனர். பின்னர் 1751இல் தொடங்கி 1793இல் முடித்த, 98 மீட்டர் உயரமுள்ள பாலத்தைத்தான் இன்று எல்லாப் படங்களிலும் காண்கிறோம். பெரும்பாலோர் அதன் மேல் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மேற்குப் பக்கப் பாதையில் சற்று இறங்கி அண்ணாந்து பாருங்கள். பாறை எங்கே முடிகிறது, கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டும் ஒரே நிறக் கல்லாக எழுந்து நிற்கும். நடு வளைவுக்கு மேலே தெரியும் சன்னல், ஒரு காலத்தில் சிறையாக இருந்த அறையினுடையது.

என் கணிப்பில் பாலத்தைவிட முக்கியமானது, மூர் (ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்) அரசன் மாளிகை என்று வழங்கும் வீட்டின் அடியில் ஆற்று மட்டம் வரை பாறையைக் குடைந்து அமைத்த படிக்கட்டுதான். (வீடு பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மூர் அரசர் எவரும் அதில் வாழ்ந்ததில்லை.) முற்றுகைக் காலத்தில் அந்தப் படிகள் வழியாகவே அடிமைகள் தண்ணீர் சுமந்து ஊரைக் காப்பாற்றி வந்தனர். 1485இல் கத்தோலிக்க அரசர்கள் எனப்படும் ஃபெர்டினாண்ட், இசபெல்லா தம்பதியின் படை அந்த நீர்வழியைக் கைப்பற்றியதும் ஊர் பணிந்தது. படிகள் செங்குத்தானவை, ஈரமானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயுள்ள தோட்டத்தோடு நின்றுகொள்வது நல்லது. ஆற்றோரம் உள்ள அரபுக் குளியல் கூடத்தையும் தவறவிடாதீர்கள். அதன் வளைகூரையில் வெட்டிய நட்சத்திரத் துளைகள் வழியே வெளிச்சம் விழுவதை உள்ளே நின்றே பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயர் சுவடு அங்கேயும் உண்டு. ஆங்கிலேயர் வசமுள்ள ஜிப்ரால்டரிலிருந்து படகில் கடந்து ரயிலேறி வந்து ஓய்வெடுத்தவர்களுக்காக 1906இல், நம் மலை ரயில் உதகையை எட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, விக்டோரியா ராணியின் பெயரில் ஒரு விடுதி எழுந்தது. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1912–13 குளிர்காலத்தில் அதில் தங்கியிருந்தார்.

கேள்வி: ரோண்டாவின் காளைப் போரும் நம் ஜல்லிக்கட்டும் ஒன்றுதானா?
– வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: இல்லை. ஜல்லிக்கட்டில் காளை திமிலைப் பிடிக்கவிட்டோ விடாமலோ வீடு திரும்பும். அங்கே வாளால் கொல்லப்படுவதே முறை. குதிரை மேலிருந்து நடத்தப்பட்ட அந்தப் போரைத் தரையில் நின்று நடத்தும் கலையாக வளர்த்ததில் ரோண்டாவின் ரொமேரோ குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1785இல் திறந்த கல் அரங்கில் முக்கியப் போட்டிகள் செப்டம்பர் திருவிழாவில் நடக்கும். மற்ற நாட்களில் சீட்டு வாங்கிக்கொண்டு அரங்கையும் அதன் அருங்காட்சியகத்தையும் சுற்றிப் பார்க்கலாம். இரத்தம் காண விரும்பாதவர்கள் அந்த நாட்களையே தேர்ந்தெடுக்கலாம்.