மலை ரோட்டுக்கு என்ன டயர்? ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல்லேர்ந்து வந்த கேள்விங்க

குன்னூர்ல டயர் மாத்துறது, அலைன்மென்ட், பேலன்சிங்னு இருபது வருஷத்துக்கு மேல இதே வேலைதாங்க எனக்கு. கொஞ்ச நாளா சின்ன டர்போ கார் வச்சிருக்கிற தம்பிங்க நிறைய பேர் டயர் பத்திக் கேட்டு அனுப்பிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் தனித்தனியா பதில் போட முடியல, அதனால சேத்து வச்சு இங்க எழுதுறேன்.

ஐ20 என் லைன் வச்சிருக்கேன் அண்ணா, 195/55 ஆர்16 கம்பெனி டயர். 17 இஞ்ச் அலாய் ரிம் மாட்டி 215/45 ஆர்17 போட்டா பெண்டுல (வளைவுல) நல்லா கிரிப் வருமா? – ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

கணக்குப்படி சைஸ் பொருந்தும் தம்பி. (195ங்கிறது டயர் அகலம் மில்லிமீட்டர்ல, 55ங்கிறது பக்கச் சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை பர்சென்ட்ங்கிறது, 16 ரிம் இஞ்ச்.) உங்க இப்போதைய டயர் உயரம் சுமார் 621 மில்லிமீட்டர், கேக்குற சைஸ் 625. ஸ்பீடோமீட்டர்ல பெருசா வித்தியாசம் வராது, அதனால கடைக்காரர் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். சைடுவால், அதாவது அந்தப் பக்கச் சுவர், 107 மில்லிமீட்டர்லேர்ந்து 97க்கு வந்துடும், அந்த ஒரு சென்டிமீட்டர்தான் மழைக்காலத்துல பள்ளம் விழுந்த ரோட்டுல உங்க ரிம்மைக் காப்பாத்துறது. எங்க கடைக்கு வளைஞ்ச ரிம்மோட வர்ற வண்டில முக்காவாசி இப்படி இஞ்ச் ஏத்துன வண்டிதான். அதோட 17 இஞ்ச் ரிம்மு பெரும்பாலும் வெயிட் கூட, சக்கரம் வெயிட் ஏறினா ரோட்டோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி சட்டுனு ஏறி இறங்காது, குண்டும் குழியுமான பெண்டுல டயர் ரோட்டை விட்டு விட்டுப் பிடிக்கும். இன்னொண்ணு, டயர் அகலமானா தண்ணி தேங்கின இடத்துல மேல மிதக்குறதும் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். நம்ம ஊர்ல ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் ஊட்டி கூடலூர் பக்கம் மழை, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர் கோத்தகிரி பக்கம் மழை, ரெண்டு பக்கமும் போய் வர்றவங்களுக்கு வருஷத்துல பாதி நாள் ஈர ரோடுதான்.

அதே 16 இஞ்ச்ல இருங்க, அலாய்க்கு வச்சிருக்கிற காசை நல்ல டயர்ல போடுங்க. ஈர ரோட்டு பிரேக்கிங்குக்குப் பேர் வாங்கின டூரிங் டயரா (தினசரி, தூரப் பயணத்துக்குச் செஞ்ச டயரா) எடுங்க, மிச்செலின் பிரைமசி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட், யோகோஹாமா ப்ளூஎர்த்-ஜிடி இந்த வரிசைல உங்க சைஸ்ல எது புது ஸ்டாக்கா கிடைக்குதோ அது. பெண்டுல நீங்க எதிர்பாக்குற கிரிப் அதுலயே கிடைக்கும். வாங்கும்போது 87வி-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க, 87ங்கிறது ஒரு டயர் 545 கிலோ தாங்கும்னு அர்த்தம், வி-ங்கிறது 240 கிலோமீட்டர் வேகம். அந்த வேகம் நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க, ஆனா கம்பெனி கொடுத்த ரேட்டிங்குக்குக் கீழ மட்டும் இறங்காதீங்க.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ட்ராக் டேக்கு (சொந்த வண்டிய ட்ராக்ல ஓட்டிப் பாக்குற நாளுக்கு) வருஷத்துக்கு மூணு நாலு தடவ போவேன். ட்ரெட்வேர் 200 டயர் (சீக்கிரம் தேயுற, கிரிப் அதிகமான ட்ராக் டயர்) போட்டுட்டா தினசரிக்கும் அதையே ஓட்டலாமா? – வெலிங்டன்

வேண்டாம். ரெண்டு செட் வச்சுக்கோங்க, ஒரு செட் ரிம்மோட. ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

டிசம்பர் ஜனவரில காலைல ஆறரை மணிக்கு ஸ்கூல்ல பிள்ளைங்கள விடப் போறேன், வண்டி முதல் அஞ்சு நிமிஷம் வழுக்குற மாதிரியே இருக்கு. போன வருஷம்தான் விலை அதிகமான ஸ்போர்ட்ஸ் டயர் போட்டோம். டயர் சரியில்லையா? – லவ்டேல்

டயர் நல்ல டயர்தாங்க அக்கா, ஆனா அது உங்க காலைக்கு செஞ்ச டயர் இல்ல. நாளைக்குக் காலைல வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு டயர் பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை) மேல கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்க. ராத்திரி முழுக்க பனில நின்ன ஸ்போர்ட்ஸ் டயர்ல நகம் இறங்கவே இறங்காது, பிளாஸ்டிக் வாளிய அழுத்துற மாதிரி இருக்கும். அதே டயரை மத்தியானம் மேட்டுப்பாளையத்துல நிறுத்தி அழுத்துங்க, மெத்துனு உள்ள போகும். ஸ்போர்ட்ஸ் டயர் ரப்பர் கலவைய சூட்டுல வேலை செய்யத்தான் செஞ்சிருக்காங்க, சுமார் 7 டிகிரிக்குக் கீழ போனா இறுகிடும். இறுகின ரப்பர் ரோட்டோட சொரசொரப்புக்குள்ள இறங்கிப் பிடிக்காது, மேலாக்க சறுக்கும். சாஃப்ட் டயர்னா எப்பவும் சாஃப்டா இருக்கும்னு நெறைய பேர் நினைச்சுக்குறாங்க, அது தப்பு, சூட்டுல ரொம்ப சாஃப்டா இருக்கிற சில டயர்தான் குளிர்ல ரொம்ப கல்லாகுது. ட்ராக் டயர்ல இது இன்னும் மோசம், வெலிங்டன் தம்பிக்கு வேண்டாம்னு சொன்னது இதுக்குத்தான்.

தலைகுந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் பக்கமெல்லாம் உறைபனி விழுற நாள்ல புல்லு வெள்ளையா இருக்கும், அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் ஆபத்து. வெயில் பட்ட பெண்டு ஒம்பது மணிக்குக் காஞ்சிடும், ஆனா கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) நிழல்ல இருக்கிற பெண்டு பதினொரு மணி வரைக்கும் ஈரமாவே இருக்கும், அதுல ரெண்டு நாளா மிதிபட்ட கற்பூர இலை வேற கூழாக் கெடக்கும். காஞ்ச ரோட்டுல வந்த அதே வேகத்துல அதுக்குள்ள போனா எந்த டயரும் தாங்காது. சூடு ஏற அஞ்சாறு கிலோமீட்டராவது ஆகும், அது வரைக்கும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் மெதுவா, ஒரே சீரா பண்ணுங்க. அடுத்த தடவ மாத்தும்போது சிலிக்கா அதிகம் போட்ட டூரிங் டயருக்கு வந்துடுங்க, குளிர்ல அது இந்த அளவுக்கு இறுகாது. ஸ்போர்ட்ஸ் டயர்ல பாக்கி இருக்கிற பட்டனை வெயில் மாசத்துல ஓட்டித் தீத்துட்டு மழைக்கு முன்னாடி மாத்துனா காசும் வீணாகாது.

மேட்டுப்பாளையத்துல 32 காத்து அடிச்சுட்டு ஊட்டி ஏறினா மேல போய்க் கொஞ்சம் எறக்கி விடணும்னு ஒருத்தர் சொல்றார், குளிர்ல குறையும் ஏத்தணும்னு இன்னொருத்தர் சொல்றார். எது சரி? – கேத்தி

ரெண்டு பேர் சொல்றதும் பாதி பாதி சரி, அதனாலதான் இந்தச் சண்டை தீரவே மாட்டேங்குது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலேர்ந்து முன்னூத்திச் சொச்சம் மீட்டர், ஊட்டி சுமார் 2240 மீட்டர். மேல போகப் போக வெளிக் காத்தோட அழுத்தம் குறையும், கீழ 14 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு, நீங்க சொன்ன 32ம் இதுதான்) சொச்சம் இருக்கிறது ஊட்டில 11 சொச்சம்தான். கேஜ் காட்டுறது உள்ள இருக்கிற காத்துக்கும் வெளிய இருக்கிற காத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான், அதனால ஏறினதுனால மட்டும் கேஜ்ல கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடக் காட்டணும். ஆனா கீழ 35 டிகிரி, மேல 12 டிகிரின்னு வச்சுக்கோங்க, அந்தக் குளிர்ல உள்ள இருக்கிற காத்து சுருங்கி 3 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேலயே குறைஞ்சிடும். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா 32 அடிச்சது மேல டயர் ஆறினப்புறம் 31, 31.5ல நிக்கும். அவ்ளோதாங்க. ஏத்தவும் வேண்டாம் எறக்கவும் வேண்டாம்.

ஏறி முடிச்ச உடனே கேஜ் வச்சா 35, 36 கூட காட்டும், அது ஓட்டின சூடு. அதைப் பாத்துப் பயந்து காத்தைத் திறந்து விட்டீங்கன்னா மறுநாள் காலைல 28க்கு வந்து நிக்கும், குறைஞ்ச காத்துல பெண்டு திரும்பும்போது சைடுவால் மடங்கும், ஓரம் தேயும். எப்பவும் காலைல, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பாருங்க. எவ்வளவுங்கிறது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கும், டயர் மேல எழுதியிருக்கிற மேக்ஸ் நம்பர் அது இல்ல. நைட்ரஜனுக்கும் இதே கணக்குதான்.

போலோ ஜிடி, 185/60 ஆர்15. முன்னாடி ரெண்டு டயர் தேஞ்சிடுச்சு, பின்னாடி ரெண்டும் பாதி பட்டன் இருக்கு. ரெண்டு மட்டும் வாங்கி முன்னாடி போடலாம்ல? ஃப்ரன்ட் வீல் டிரைவ்தானே? – கோத்தகிரி

ரெண்டு மட்டும் வாங்கலாம், ஆனா புதுசைப் பின்னாடி போடணும், பின்னாடி இருக்கிற பாதி பட்டன் டயரை முன்னாடி கொண்டு வரணும். இதைச் சொன்னா கடைலயே என்கிட்ட வாக்குவாதம் பண்ணுவாங்க, இழுக்குற சக்கரம் முன்னாடி, திரும்புற சக்கரம் முன்னாடி, அப்புறம் ஏன் பின்னாடின்னு. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன், என் சொந்த வண்டிக்கே புதுசு ரெண்டையும் முன்னாடி போட்டுக்கிட்டேன். அந்த நவம்பர்ல சாயங்கால மழைல மேட்டுப்பாளையம் இறங்கிட்டிருந்தேன், மரப்பாலத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு வலது பெண்டு, வேகம் நாப்பதுகூட இருக்காது. உள்ள நுழைஞ்சப்புறம் வேகம் கூடன்னு தோணி ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், பிரேக்கைத் தொடக்கூட இல்ல. முன்பக்கம் புது டயர் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு, பின்பக்கம் சத்தமே இல்லாம வெளிய போயிடுச்சு. வண்டி சுத்தி, வந்த திசையப் பாத்து நின்னுச்சு. ஜன்னல் வழியா பாத்தா தடுப்புச் சுவர் கைக்கு எட்டுற தூரத்துல. எதிர்ல பஸ் வரல, அதனாலதான் இன்னைக்கு எழுதிட்டிருக்கேன்.

இறக்கத்துல வெயிட் எல்லாம் முன்னாடி போயிடும், பின்பக்கம் லேசாகும், காலை எடுத்தா இன்னும் லேசாகும். அங்க தேஞ்ச டயர் இருந்தா தண்ணியத் தள்ள காடி (பட்டனுக்கு நடுவுல இருக்கிற பள்ளம்) இல்லாம மொதல்ல அதுதான் கைவிடும். முன்பக்கம் சறுக்குனா ஸ்டீயரிங் லேசாகுறது கைல தெரியும், வேகத்தைக் குறைச்சா பெரும்பாலும் திரும்பப் பிடிக்கும். பின்பக்கம் சறுக்குனா அத்தனை நேரம் கிடைக்காது. ஆனா ஒண்ணு, முன்னாடி வரப்போற பழைய டயர்ல 3 மில்லிமீட்டராவது காடி இருக்கணும். சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம், காடிக்குள்ள குட்டி மேடா இருக்குமே அதுதான் அந்த அளவு, ஆனா மலை மழைக்கு அது வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 3 இல்லன்னா நாலையும் மாத்திடுங்க. சைஸ் 185/60 ஆர்15 அப்படியே இருக்கட்டும், 195/60 போட்டா டயர் உயரம் ரெண்டு பர்சென்ட் கூடும், ஏத்தத்துல இழுவை அந்த அளவுக்குக் குறையும்.

கொடைக்கானல்ல கடைல ஆஃபர்னு சொல்லி டயர் தர்றாங்க, பழசா புதுசான்னு எப்படிப் பாக்குறது? – பெருமாள்மலை

சைடுவால்ல டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசையோட கடைசி நாலு நம்பரைப் பாருங்க. 2324ன்னா 2024ல 23ஆவது வாரம் செஞ்சது. சில டயர்ல அந்த நாலு நம்பர் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அதனால மாட்டுறதுக்கு முன்னாடி கீழ படுக்க வச்சே ரெண்டு பக்கமும் பாத்துடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா தாராளமா வாங்கலாம், ரெண்டு வருஷத்துக்கு மேலன்னா எவ்வளவு ஆஃபர் கொடுத்தாலும் எனக்கு மனசு வராது. நாலும் ஒரே மாசத்து டயரா கேளுங்க. புது டயர் போட்டதும் முதல் 200, 300 கிலோமீட்டர் நிதானம், டயர் செய்யுறப்ப அச்சுலேர்ந்து மேல ஒட்டின எண்ணெய் தேயணும், வத்தலகுண்டு ரோட்டுல அன்னைக்கே சோதிச்சுப் பாக்காதீங்க.

முன் டயர் ரெண்டுலயும் வெளி ஓரம் மட்டும் மொட்டையாகுது, நடுவுல பட்டன் அப்படியே இருக்கு. மூணு தடவ அலைன்மென்ட் பண்ணிட்டேன் சார். – அருவங்காடு

அலைன்மென்ட் மேல தப்பு இருக்காதுங்க. கல்லாறு தாண்டி குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, நீங்க தினம் ஏறி இறங்குனா ஒரு நாளைக்கு 28 தடவ முன் டயரை வெளி ஓரத்துல தேய்க்குறீங்க, அதுவும் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுக்கிட்டே ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா இன்னும் வேகமாத் தேயும். பெண்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே ரெண்டாவது கியருக்கு வந்து வேகத்தைக் குறைச்சுட்டு, ஸ்டீயரிங் நேராக ஆரம்பிச்சப்புறம் மிதிங்க. காத்து கம்பெனி சொன்னதுக்கு 1 பிஎஸ்ஐ கூட வச்சுக்கலாம். 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்துங்க. ஒரு திசைல மட்டும் உருளணும்னு அம்புக்குறி போட்ட டயரா இருந்தா இடது வலது மாத்தாம அந்தந்தப் பக்கத்துலயே முன்ன பின்ன. இவ்வளவு பண்ணியும் ஒரு பக்க டயர் மட்டும் அதிகமாத் தேஞ்சா அப்ப வண்டியைக் கொண்டு வாங்க, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ் ஆர்ம் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் தூக்கி வச்சு ஆட்டிப் பாக்கணும்.

சைடுவால்ல எலுமிச்சம்பழ சைஸுக்கு வீங்கியிருக்கு, காத்து எறங்கல. ஓட்டலாமா? – கூடலூர்

ஓட்டாதீங்க. உள்ள நூல் அறுந்திருக்கு, ஒட்டுப் போட முடியாது. இப்பவே ஸ்டெப்னிய மாட்டுங்க, அந்த டயரோட மலை ஏற வேண்டாம்.