பிரிந்துபோன ராக் குழு மறுபடி சேர்ந்து வந்தால் போய்க் கேட்பீர்களா?

கேள்வி இதுதான்: இளமையில் உயிராக இருந்த ஒரு ராக் இசைக்குழு சண்டை போட்டுப் பிரிகிறது. இருபது வருடம் கழித்து மறுபடி ஒன்றாக மேடையேறி ஊர் ஊராக வருகிறது. ரசிகர்களில் பாதிப் பேருக்குக் கொண்டாட்டம், பாதிப் பேருக்கு மனவருத்தம். நீங்கள் எந்தப் பக்கம்?

நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன், அதுவும் ஒரே குழுவுக்காக. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு அந்தக் குழு கன்ஸ் அண்ட் ரோஸஸ். பாளையங்கோட்டைப் பையனுக்கு அது எங்கே கிடைத்தது என்றால், தாராவி வழியாகக் கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்கப் போன சனம் தாராவியில் தெருத்தெருவாக இருக்கிறது. எங்கள் சித்தப்பா அங்கே ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எங்கே இருந்தாலும் சித்திரையில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் வந்துவிடுவார். 1993இல், பம்பாய்க் கலவரம் நடந்த அந்த வருடத்தில், அவர் முழுசாக வந்து இறங்கியதே எங்களுக்குப் பெரிதாக இருந்தது. அவர் பெட்டியில் அந்தக் குழுவின் 'யூஸ் யுவர் இல்யூஷன்' ஆல்பத்தின் முதல் பாகக் கேசட் இருந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் ஊரைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். "இங்கிலீஷ் பாட்டுல. ஒனக்கு ஆவும், வச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்தார்.

அந்த ஆல்பம் 1991 செப்டம்பரில் ஒரே நாளில் இரண்டு பாகமாக வெளிவந்தது. முதல் பாகம் மட்டுமே 76 நிமிடம். என் கூட்டாளி ஒருவன் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட்டில் அதைப் பிரதி எடுத்துக்கொண்டான். பி பக்கத்தின் கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதை வீணாக்க மனமில்லாமல், அந்தக் கொடையில் நடந்த வில்லுப்பாட்டை அதில் பதிந்து வைத்தான். அதனால் எங்கள் இருவருக்கும் அந்த ஆல்பம் எப்போதும் வில்லுப்பாட்டில்தான் முடியும். கிடார் சத்தம் ஓய்ந்து, ஒரு சின்ன 'டக்', அப்புறம் "தந்தனத்தோம் என்று சொல்லியே..."

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கேள்விக்கான என் பதில் அந்தக் கேசட்டின் இரண்டு பாட்டிலும் இருக்கிறது.

வில்லில் புலவர் ஒரு வரி பாடுவார். இடப்பக்கம் குடத்தோடு உட்கார்ந்திருப்பவர் "ஆமா" போடுவார், வரியை வாங்கித் திருப்பிப் பாடுவார், குடத்தின் வாயில் மட்டையால் அறைந்து அடுத்த வரிக்கு வழி விடுவார். அந்த "ஆமா" சரியான இடத்தில் விழாவிட்டால் புலவர் எவ்வளவு பெரிய குரல்காரராக இருந்தாலும் கதை நகராது. ஆக்ஸல் ரோஸின் குரலுக்கு ஸ்லாஷின் கிடார் அப்படி. அந்தக் கேசட்டில் ஒன்பது நிமிடம் ஓடும் 'நவம்பர் ரெயின்' பாட்டில் குரல் ஒரு இடத்தில் வந்து நின்றுவிடும். சொல்ல மிச்சமிருப்பதைக் கிடார் சொல்லும். பதினேழு வயதில் எனக்கு ஆங்கில வரி பாதி புரியாது. அந்தக் கிடார் முழுதாகப் புரிந்தது.

1996இல் ஸ்லாஷ் விலகினார். அடுத்த வருடம் பேஸ் கிடார்காரர் டஃப் மெக்கேகன். குழுவின் பெயர் மட்டும் ஆக்ஸலிடம் தங்கியது. எங்கள் வில்லு செட்டும் ஏறத்தாழ அதே சமயத்தில் உடைந்தது. சன்மானத்தில் பங்கு பிரிப்பதில் தகராறு. புலவர் வேறு ஆளை வைத்துக்கொண்டார், குடத்துக்காரர் தென்காசிப் பக்கம் போய்விட்டார்.

2012 டிசம்பரில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் இந்தியா வந்தது. நானும் கூட்டாளியும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். மேடையில் பழைய ஆள் என்று பார்த்தால் ஆக்ஸல், 1990இல் சேர்ந்த கீபோர்டுக்காரர் டிஸ்ஸி ரீட், அவ்வளவுதான். ஸ்லாஷ் வாசித்த இடத்தை நிரப்ப ஒருவரும் இருவருமல்ல, மூன்று கிடார்காரர்கள் இருந்தார்கள். மூவருமே கைதேர்ந்தவர்கள், ஒரு சுரம் பிசகவில்லை. ஆக்ஸலின் குரலும் அன்றைக்கு எங்களுக்குப் போதுமானதாகவே இருந்தது. ஆனால் அந்தக் கிடார் வரும் இடங்களில் நான் ஒவ்வொரு தடவையும் "ஆமா"வுக்குக் காத்திருந்து ஏமாந்தேன். மனப்பாடம் பண்ணிய பையன் ஒப்பிப்பது போல இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மதுரை தாண்டும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதே 2012இல்தான், பழைய ஆட்கள் மறுபடி சேர்வீர்களா என்று கேட்டதற்கு, இந்த ஜென்மத்தில் நடக்காது என்ற பொருளில் ஆக்ஸல் பதில் சொன்னார். நான்கே வருடத்தில் நடந்தது. 2016 ஏப்ரலில் ஸ்லாஷும் டஃப்பும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சின்ன கிளப்பில் அவரோடு மேடையேறினார்கள். சுற்றுப்பயணத்துக்கு வைத்த பெயரே அந்தப் பதில்தான்: 'நாட் இன் திஸ் லைஃப்டைம்'. 2019 வரை 158 நிகழ்ச்சி, 58 கோடி டாலருக்கு மேல் வசூல்.

'எல்லாம் காசுக்காக' என்று பலரும் வருத்தப்படுவது இந்த இடத்தில்தான். காசு வாங்குவது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. விடியவிடியப் பாடும் வில்லுக்காரரும் சன்மானம் வாங்கித்தான் வீட்டுக்குப் போகிறார். என்னை உறுத்துவது வேறு. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் இஸி ஸ்ட்ராட்லின். ஆக்ஸலுக்கு இண்டியானாவில் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர். நல்ல பாட்டுகளில் பலவற்றில் அவர் கை இருக்கிறது. அவர் இந்தச் சேர்க்கையில் இல்லை. வருமானத்தைச் சமமாகப் பிரிக்க மற்றவர்களுக்கு விருப்பமில்லை என்று அவரே 2016இல் பகிரங்கமாகச் சொன்னார். முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்த ஸ்டீவன் அட்லரும் சில நிகழ்ச்சிகளில் விருந்தாளியாக வந்து போனதோடு சரி. பிரிந்தவர்கள் கூடினார்கள் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, வீட்டு ஆளில் இருவரை வாசலிலேயே நிறுத்தியது இன்றும் எனக்கு ஏற்கவில்லை.

சரி, 2025க்கு வருகிறேன். மே 17, மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் நிகழ்ச்சி என்று அறிவித்ததும் கூட்டாளிக்குத்தான் முதலில் போன் போட்டேன். வரமாட்டேன் என்றான். யூட்யூபில் சமீபத்து நிகழ்ச்சிகளைப் பார்த்திருக்கிறான். "அந்த வாய்ஸ் போச்சுல. அதப் போயிக் கேட்டா கேசட்ல இருக்கதும் சேந்து போயிரும்."

2008 கொடையை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். பிரிந்திருந்த வில்லுக்காரர்கள் இருவரையும் ஊர்ப் பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைத்த வருடம் அது. புலவருக்கு எழுபது தாண்டியிருந்தது. ராத்திரி சாமக்கொடை, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட வேண்டிய நேரம். வரியை மேலே எடுத்தார், பாதியில் குரல் நின்றுவிட்டது. கூட்டம் அசையவில்லை. குடத்துக்காரர் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் விட்ட எழுத்திலிருந்து வரியைப் பிடித்து மேலே கொண்டுபோய்க் குடத்தில் அறைந்தார். அந்த அடியில் சாமியாடி எழுந்துவிட்டார். என் பக்கத்தில் நின்ற இதே கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அதுக்கு மட்டும் அழுதியே, அந்தக் கெழவருக்கும் வாய்ஸ் போயித்தான இருந்துச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். "அவரு நம்ம ஊரு ஆளு. வருசா வருசம் பாத்தோம். அவரு கூடவே நமக்கும் வயசு ஆச்சு. இவன, பெங்களூர்ல பாத்த ஒரு ராத்திரிய விட்டா, நாம கேசட்டுல மட்டும்தான பாத்துருக்கோம்? அதுல அவனுக்கு இன்னும் இருவத்தொம்பது வயசுதாம்ல."

ரசிகர்களின் இந்த இரண்டுங்கெட்ட மனசுக்கு இதைவிடச் சரியான காரணத்தை நான் எங்கும் கேட்டதில்லை. பதிவில் இருக்கும் ஆளுக்கு வயதாவதில்லை. மேடைக்கு வருகிறவருக்கு ஆகிறது. ஆக்ஸல் 1962இல் பிறந்தவர். அந்த ஆல்பம் வந்தபோது 29 வயது, மும்பை வந்தபோது 63. நடுவில் இருந்த முப்பது சொச்சம் வருடத்தில், பெங்களூர் ராத்திரி ஒன்றைத் தவிர, நாம் கூட இல்லை. அதை முழுதாக ஒரே ராத்திரியில் வாங்கிக்கொள்ளச் சொன்னால் எல்லோராலும் முடியாது.

கூட்டாளிக்கு லெட் செப்பலின் என்ற பழைய ராக் குழு செய்ததுதான் சரி. 2007 டிசம்பர் 10, லண்டனில் ஒரே ஒரு ராத்திரி. செத்துப்போன டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹமின் இடத்தில் அவர் மகன். டிக்கெட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் கோடிக்கணக்கில். அதற்குப் பிறகு சுற்றுப்பயணம் வேண்டாம் என்று பாடகர் ராபர்ட் பிளான்ட் ஒதுங்கிவிட்டார். "அதுதாம்ல மரியாத" என்பான். நான் ஒத்துக்கொள்வதில்லை. லண்டனில் ஒரு ராத்திரி என்றால் பாளையங்கோட்டைக்காரனுக்கு அதில் என்ன இருக்கிறது? இவர்களும் அப்படி ஒரே நாளோடு நிறுத்தியிருந்தால் என் காது ஸ்லாஷை நேரில் கேட்டிருக்காது.

கனடாவின் ரஷ் குழு விஷயம் இதிலிருந்து வேறுபட்டது. அதன் டிரம்ஸ்காரர் நீல் பியர்ட் 2020இல் இறந்த பிறகு, அனிகா நில்லஸ் என்ற ஜெர்மன் டிரம்ஸ் கலைஞரோடு மற்ற இருவரும் மறுபடி கிளம்புவதாக 2025இல் அறிவித்தார்கள். அங்கே சண்டை இல்லை, சாவுதான். பியர்ட்டின் மனைவியும் மகளும் மனதார வாழ்த்தியிருக்கும்போது வெளியாள் நாம் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

மும்பைக்கு நான் தனியாகத்தான் போனேன். சித்தப்பா இப்போது இல்லை. தாராவியில் சித்தி வீட்டில் தங்கி, மாகிமில் லோக்கல் பிடித்து மகாலட்சுமியில் இறங்கினேன். மே மாதப் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என்னைச் சுற்றிப் பாதிப் பேர் நான் அந்தக் கேசட் வாங்கிய வருடத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

குரலைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். கீழ் ஸ்தாயியில் இன்னும் அந்த மனிதர் இருக்கிறார். மேலே போனால் நூலாக இழைகிறது. சில இடங்களில் கேட்கவே பாவமாக இருந்தது. முதல் அரை மணி நேரம் கூட்டாளி சொன்னதே சரி, வந்திருக்கக் கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆக்ஸல் பியானோவில் உட்கார்ந்தார். அந்த ஒன்பது நிமிடப் பாட்டு. ஒரு வரியை மேலே எடுத்துப்போனார், எட்டவில்லை, விட்டுவிட்டார். அடுத்து கிடார் வந்தது. பெங்களூரில் மூன்று பேர் சேர்ந்து தர முடியாததை இந்த ஒரு ஆள் அவசரமே இல்லாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல் தந்தார். ஆக்ஸல் பியானோவிலிருந்து அந்தப் பக்கம் திரும்பியதைத் திரையில் பார்த்தேன். எனக்குக் குடத்துக்காரரின் அந்த அடி கேட்டது. 2012இல் குரல் நன்றாக இருந்தும் கிடைக்காத ஒன்று இங்கே குரல் போன பிறகு கிடைத்தது. நான் அத்தனை வருடமும் காத்திருந்தது குரலுக்கு இல்லை, அந்த "ஆமா"வுக்குத்தான் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

எனவே கேட்டவருக்கு என் பதில்: போங்கள். கேசட்டில் இருக்கும் ஆளைத் தேடிப் போகாதீர்கள். வரமாட்டேன் என்று சொல்லும் சிநேகிதரை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். அவருடைய வருத்தமும் அதே பிரியத்திலிருந்து வருவதுதான்.

ஊர் திரும்பிய மறுநாள் கூட்டாளி வீட்டுக்குப் போனேன். நான் போனில் எடுத்ததைக் காட்டவா என்று கேட்டேன். தலையாட்டி மறுத்துவிட்டான். டீ குடித்து முடித்து நான் செருப்பை மாட்டும்போது வாசலுக்கு வந்து கேட்டான்.

"ஸ்லாஷ் வாசிச்சது இருக்கால?"

"இருக்கு."

"அத மட்டும் வெட்டி அனுப்பு. வாய்ஸ் வர்றதுக்கு முன்ன நிறுத்திரு."

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, ஆக்ஸல் வாயைத் திறப்பதற்கு முந்தின நொடிவரை வெட்டி, நாற்பது நொடியை அனுப்பி வைத்தேன்.