வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்

வணக்கம். மகள் புதுப் பள்ளியில் மூன்று மாதமாக வாயே திறக்கவில்லை, வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசச் சொல்கிறார் ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

புது மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் பலர் முதலில் சில மாதம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் மகனும் அப்படித்தான். வகுப்பில் ஒரு வார்த்தை வராது. ராத்திரியில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆசிரியர் பேசியதை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டிருப்பான். கதவோரம் நின்று கேட்ட அன்றுதான் எனக்குப் போன உயிர் திரும்பியது.

விளையாட்டுப் பேச்சு சுமார் 2 வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி பிடிபட 5 முதல் 7 வருடம் ஆகும் என்கிறார் ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். அதுவரை பிள்ளை எந்த மொழியில் யோசிக்கும்? பின்னம் என்றால் என்னவென்று தமிழில் புரிந்துவிட்டால், புது மொழியில் அதற்கான சொல்லை மட்டும் கற்றால் போதும். தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது.

ஆசிரியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அடுத்த வாரப் பாடம் என்னவென்று கேட்டு வாங்கி, அதை முன்கூட்டியே வீட்டில் தமிழில் பேசிவிடுங்கள். அப்புறம், வீட்டிலும் அவள் பேச்சு குறைந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.